தற்செயலுக்கு ஒரு வேலை

காசநோய்த் தடுப்பூசி ஒன்றைப் பற்றி இப்படி ஒரு செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: ‘ஊசி போட்டுக்கொண்டவர்களில் 99.5 சதவீதம் பேருக்குப் பதினைந்து ஆண்டுகளாக நுரையீரல் காசநோய் வரவில்லை.’ படிப்பவர் அடுத்த நாளே பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடுவார். எண்ணில் பொய்யில்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968 முதல் 1971 வரை போடப்பட்ட பி.சி.ஜி. ஊசியைப் பற்றிய எண் அது. ஆனால் அதே மாவட்டத்தில், அதே ஆண்டுகளில், மருந்தே இல்லாத போலி ஊசி போடப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களிலும் 99.5 சதவீதம் பேருக்கு நோய் வரவில்லை.

இரண்டாவது எண்ணைக் கேட்காதவரை முதல் எண்ணுக்குப் பொருளே கிடையாது. மருத்துவ ஆய்வில் புள்ளியியல் தொடங்கும் இடம் இதுதான். சூத்திரங்களும் கணினியும் பிறகு வருகின்றன. யாரோடு யாரை ஒப்பிடுகிறோம், அந்த இரு தரப்பையும் பிரித்தது யார் என்ற கேள்விகள்தான் முதலில் நிற்கின்றன. இரண்டாவது கேள்விக்கு இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு விடை கிடைத்தது: தற்செயலே பிரிக்கட்டும். அதற்கு முன்பு தற்செயல் என்பது ஆராய்ச்சியாளரின் எதிரி. அதை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கண்டுகொண்ட பிறகுதான் மருத்துவம் தன் நம்பிக்கைகளைச் சோதிக்கக் கற்றுக்கொண்டது.

காசநோய்க்கு அத்தகைய சோதனை எவ்வளவு தேவைப்பட்டது என்பதற்குத் தங்கம் சாட்சி. 1920களிலும் 30களிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காசநோயாளிகளுக்குத் தங்க உப்புகளை ஊசியாக ஏற்றினார்கள். சிறுநீரகம் கெட்டது, தோல் உரிந்தது. ஆனாலும் சிலர் தேறினார்கள். தேறியவர்கள் ஊசியால் தேறினார்களா, தாமாகவே தேறியிருப்பார்களா என்று பிரித்துப் பார்க்க வழியில்லாததால் மருத்துவர்கள் நல்லெண்ணத்தோடு தொடர்ந்து அதையே கொடுத்தார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆம்பர்சன் குழுவினர் 24 நோயாளிகளைப் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, எந்தப் பிரிவுக்குத் தங்கம் என்பதை நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். மற்றப் பிரிவுக்கு வடிநீர் ஊசி. 1931இல் வெளியான முடிவு தங்கத்துக்கு எதிராக இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டவர்கள் குறைவு.

பிறகு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. 1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் அதைப் பிரித்தெடுத்தார். போர் முடிந்து வறண்டு கிடந்த பிரிட்டனால் அதைக் கொஞ்சமாகத்தான் வாங்க முடிந்தது. கேட்பவர் எல்லோருக்கும் கொடுக்க மருந்து இல்லை. அந்தப் பற்றாக்குறையையே ஆய்வுக்கு வழியாக்கினார் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். முதல் உலகப் போரில் காசநோய் பிடித்து, இளமையில் இரண்டு ஆண்டுகள் படுக்கையில் கிடந்தவர் அவர். மருத்துவராகும் ஆசையை விட்டுவிட்டுப் புள்ளியியலுக்கு வந்தவர். அந்தப் படுக்கை இல்லாதிருந்தால் இந்த அத்தியாயமே வேறாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இரு நுரையீரல்களிலும் நோய் வேகமாகப் பரவிக்கொண்டிருந்த 107 இளைஞர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின், 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை ஹில் சமவாய்ப்பு எண்களின் பட்டியலிலிருந்து முடிவு செய்து, உறைகளில் போட்டு ஒட்டிவிட்டார். நோயாளி ஆய்வுக்குத் தகுதியானவர் என்று முடிவான பிறகே உறை பிரிக்கப்படும். எக்ஸ்ரே படங்களைப் பார்த்து மதிப்பிட்டவர்களுக்கும் எது யாருடைய படம் என்று தெரியாது.

இந்த உறையின் அருமையை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை விரிவாகப் பதிவாகியிருக்கிறது. தகுதி பார்ப்பது முதலில் நடக்கும், பெயர் எழுதிய ஓலைகள் குடத்தில் விழும், உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பான். எடுக்கும் கைக்கு ஓலையில் உள்ள பெயர் தெரிந்துவிட்டால் குடம் வெறும் சடங்காகிவிடும். மருத்துவ ஆய்விலும் அப்படித்தான். அடுத்த சீட்டு என்னவென்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால், இந்தப் பையன் பிழைப்பான் என்று தோன்றும் ஒருவனை அவரது மனம் ஒரு பக்கம் தள்ளும். அவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அக்கறை உள்ளவராக இருந்தாலே போதும்.

ஆறு மாதம் கழித்து எண்ணியபோது மருந்து பெற்ற 55 பேரில் 4 பேர் இறந்திருந்தார்கள். மருந்து பெறாத 52 பேரில் 14 பேர். இதற்குமேல் என்ன கணக்கு வேண்டும் என்று தோன்றும். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மருந்துக்கு எந்தப் பயனும் இல்லை என்றே எடுத்துக்கொள்வோம். அப்போது அந்த 18 பேரும் எந்தப் பிரிவில் இருந்தாலும் இறந்திருப்பார்கள். சீட்டு விழுந்த விதத்தால் மட்டுமே அவர்கள் நாலும் பதினாலுமாக, அல்லது இதைவிட மோசமாக, ஒரு பக்கம் குவிய எவ்வளவு வாய்ப்பு? நூற்றில் ஒன்றுக்கும் குறைவு என்றது 1948 அக்டோபரில் வெளியான அறிக்கை.

இந்த வாய்ப்பைக் கணக்கிட முடிந்ததே சீட்டுப் போட்டுப் பிரித்ததால்தான். தொடக்கத்தில் தற்செயலுக்கு ஒரு வேலையைக் கொடுத்து, அதன் எல்லையையும் வகுத்துவிட்டதால், முடிவில் அது எவ்வளவு தூரம் விளையாடியிருக்கும் என்று அளக்க முடிகிறது. மருத்துவரின் மனம் பிரித்திருந்தால் அந்த மனத்தின் விளையாட்டை அளக்க எந்தச் சூத்திரமும் கிடையாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ‘நூற்றில் ஒன்றுக்கும் குறைவு’ என்பதை, மருந்து பயனற்றதாக இருக்க நூற்றில் ஒரு வாய்ப்புதான் என்று பலர் வாசிக்கிறார்கள். ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களே கூட. அது அப்படிச் சொல்லவில்லை. மருந்து பயனற்றது என்று முதலிலேயே வைத்துக்கொண்டு, அந்த உலகத்தில் இப்படிப்பட்ட எண்கள் எத்தனை அரிது என்று மட்டுமே சொல்கிறது. மருந்தைப் பற்றி முடிவெடுக்க அதற்குமேல் நம் அறிவும் வேண்டும்.

எண்ணும் நாளும் முக்கியம். அதே நோயாளிகளை ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு கணக்கெடுத்தபோது, மருந்து பெற்றவர்களில் 58 சதவீதமும் பெறாதவர்களில் 67 சதவீதமும் இறந்திருந்தார்கள். ஆறு மாதத்தில் மலைபோல் தெரிந்த வேறுபாடு மேடாகக் கரைந்துவிட்டது. தனியாகக் கொடுத்த ஸ்ட்ரெப்டோமைசினைக் கிருமி எதிர்த்து நிற்கக் கற்றுக்கொண்டதே காரணம். ஒரே மருந்தைக் கொடுக்காமல் இரண்டைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் இந்தப் பாடத்திலிருந்து வந்தது. அந்த ஐந்தாண்டு அறிக்கையை எழுதிய மூவரில் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ். அவர்தான் 1956இல் சென்னைக்கு வந்தார்.

சேத்துப்பட்டில் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருப்பது அப்போது காசநோய் வேதிச்சிகிச்சை மையம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கியவை அங்கே நடந்த ஆய்வுகள். கேள்வி நேரானது. நோயாளியைச் சானட்டோரியத்தில் சேர்த்தே ஆக வேண்டுமா, வீட்டிலேயே மாத்திரை கொடுத்துக் குணப்படுத்த முடியுமா?

இன்று இது கேள்வியாகவே தோன்றாது. அன்று சானட்டோரியம் என்பது ஒரு நம்பிக்கையின் கட்டடம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, செவிலியர் பராமரிப்பு, குடும்பத்திலிருந்து பிரிந்திருத்தல். தாம்பரத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் நாட்டில் நோயாளிகள் பல லட்சம், படுக்கைகளோ அவர்களில் மிகச் சிலருக்கு மட்டும். சானட்டோரியம்தான் வழி என்றால் பெரும்பாலோருக்கு வழியே இல்லை என்று பொருள். வீட்டில் மாத்திரை போதும் என்று ஊகத்தில் சொல்லிவிடவும் முடியாது. நெருக்கடியான வீடு, அரைவயிற்றுச் சாப்பாடு, இருமிக்கொண்டே வேலைக்குப் போக வேண்டிய கட்டாயம், பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைகள் என்று எல்லாம் எதிராக இருந்தன.

சளியில் கிருமி இருந்த சென்னையின் ஏழை நோயாளிகள் சீட்டுப் போட்டுப் பிரிக்கப்பட்டார்கள். இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மருந்து: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். வீட்டில் இருந்தவர்கள் மருந்தை விழுங்குகிறார்களா என்று அறிய முன்னறிவிப்பில்லாமல் வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். 1959இல் முடிவு வந்தது. ஓராண்டு முடிவில் நோய் அடங்கியவர்கள் சானட்டோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம்.

இந்த ஆறு புள்ளி வேறுபாட்டை எப்படி வாசிப்பது? ஒவ்வொரு பிரிவிலும் கணக்கில் வந்தவர்கள் ஏறத்தாழ 80 பேர். இன்றைய வழக்கப்படி 95 சதவீத நம்பக இடைவெளியைக் கணக்கிட்டால், சுமாராக, சானட்டோரியம் 16 புள்ளி மேலாக இருப்பதிலிருந்து வீடு 4 புள்ளி மேலாக இருப்பது வரை அது நீள்கிறது. இந்த ஆய்வோடு முரண்படாத உண்மை வேறுபாடுகள் எவையெவை என்பதன் எல்லையை அந்த இடைவெளி காட்டுகிறது. ‘வேறுபாடு புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்கது அல்ல’ என்று சொல்லி அத்தோடு நிறுத்தினால், இரண்டும் சமம் என்று நிரூபணமாகிவிட்டது போன்ற மயக்கம் வரும். நிரூபணமாகவில்லை. சானட்டோரியம் ஓரளவு மேலாக இருந்திருக்க இடம் இருந்தது.

சேத்துப்பட்டு ஆய்வாளர்கள் மீது எனக்கு மதிப்புக் கூடுவது இங்கேதான். 86 என்ற எண்ணை 92இன் பக்கத்தில் மட்டும் வைத்து அவர்கள் பார்க்கவில்லை, படுக்கை கிடைக்காத லட்சக்கணக்கானோரின் பக்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். நல்ல மருந்து விநியோகமும் மேற்பார்வையும் இருந்தால் பெரும்பாலான நோயாளிகளுக்கு வீட்டுச் சிகிச்சையே போதும் என்று முடிவெடுத்தார்கள். நூறில் 92 பேரைக் குணப்படுத்தும் முறை நூறில் இரண்டு பேருக்குத்தான் கிட்டும் என்றால், எல்லோருக்கும் எட்டக்கூடிய 86தான் அதிக உயிர்களைக் காக்கும். நம்பக இடைவெளி தடுமாற்றத்தின் அளவைச் சொல்லும். எது நேர்மையான முடிவு என்பதை மனிதர்கள்தான் எடுக்க வேண்டும்.

ஒரு பயம் மீதம் இருந்தது. வீட்டில் இருப்பவர் குடும்பத்துக்கு நோயைப் பரப்பிவிடமாட்டாரா? இரு தரப்பு நோயாளிகளின் நெருங்கிய குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். வீட்டுத் தரப்பில் நோய் கூடுதலாக இல்லை. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது, மருந்து தொடங்கியதும் பரப்பும் ஆற்றல் சீக்கிரம் குறைந்துவிடுகிறது. உலகின் சானட்டோரியங்கள் காலியானதில் சேத்துப்பட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னைவாசிகளில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

செங்கல்பட்டுக்கு வருவோம். பி.சி.ஜி. பிரிட்டனில் 1950இல் தொடங்கிய பெரிய ஆய்வில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிட்டத்தட்ட 80 சதவீதப் பாதுகாப்பு அளித்தது. வேறு சில நாடுகளில் ஒன்றுமே அளிக்கவில்லை. எனவே சந்தேகத்துக்கு இடமில்லாத அளவில் ஓர் ஆய்வு தேவைப்பட்டது. 3,66,625 பேர் பதிவு செய்யப்பட்டு, 2,81,161 பேருக்கு ஊசி போடப்பட்டது. டேனிஷ், பிரெஞ்சு என இரண்டு வகைத் தடுப்பூசி, ஒவ்வொன்றிலும் இரண்டு அளவு, பிறகு மருந்துப்போலி. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை முழு மக்கள்தொகையையும் மறுபடி பரிசோதித்தார்கள், பதினைந்து ஆண்டுகளுக்கு. வெயிலில் ஊர் ஊராகச் சளிக் குப்பிகளோடு அலைந்த அந்தப் பணியாளர்களின் உழைப்பு எந்த அட்டவணையிலும் தெரியாது. அட்டவணை நிற்பதே அதன் மேல்தான்.

நோய் வர வாய்ப்புள்ளவர்களாகக் கணக்கில் கொள்ளப்பட்ட 1,09,873 பேரில் பதினைந்து ஆண்டுகளில் 560 பேருக்கு நோய் வந்தது. அதிக அளவு பி.சி.ஜி. பெற்றவர்களில் 189, குறைந்த அளவு பெற்றவர்களில் 191, மருந்துப்போலி பெற்றவர்களில் 180. ஊசியால் ஒரு பயனும் இல்லை என்றால் சமமான மூன்று பிரிவுக்கும் தலா 187 பேர் வர வேண்டும். சீட்டின் போக்கில் அது இருபது கூடலாம், இருபது குறையலாம். கிடைத்த மூன்று எண்களும் அந்த எல்லைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கின்றன. பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அறவே இல்லை என்றது இறுதி அறிக்கை.

குழந்தைகளின் எண் வேறு மாதிரி: 27 சதவீதப் பாதுகாப்பு, நம்பக இடைவெளி மைனஸ் 8 முதல் 50 வரை. ஊசி நோயைப் பாதியாகக் குறைத்திருக்கலாம், எதையும் செய்யாமலும் இருந்திருக்கலாம், கொஞ்சம் கூட்டியும் இருந்திருக்கலாம் என்று இதை வாசிக்க வேண்டும். பெரியவர்களின் ‘இல்லை’ ஏராளமான நோயாளிகளைக் கொண்டு அளந்த இல்லை. குழந்தைகளின் ‘27’ சிலரை மட்டும் கொண்டு அளந்த ஒருவேளை. நாளிதழில் இரண்டும் ஒரே எழுத்தளவில்தான் அச்சாகும்.

பிரிட்டனில் காத்த ஊசி இங்கே ஏன் காக்கவில்லை? நம் மண்ணிலும் நீரிலும் உள்ள, நோய் உண்டாக்காத உறவுக் கிருமிகள் உடலை ஏற்கெனவே பழக்கிவிட்டதால் ஊசி செய்வதற்கு மிச்சம் இல்லாமல் போயிருக்கலாம் என்பது ஒரு வலுவான கருத்து. பூமத்திய ரேகையிலிருந்து தள்ளிப்போகப் போகப் பி.சி.ஜி.யின் பலன் கூடுவதைப் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். அப்படியானால் நம் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் இன்றும் அதை ஏன் போடுகிறோம்? செங்கல்பட்டு ஆய்வு அளந்தது கிருமி வெளியேறும் நுரையீரல் காசநோயை. சிறு குழந்தைகளைக் கொல்லும் மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் வகையையும் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்பதற்குத் தனியே சான்று இருக்கிறது. ‘பி.சி.ஜி. பயனற்றது’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் ஒரு கேள்விக்கான விடையை எடுத்து வேறு கேள்வியின் கீழ் எழுதுகிறார்கள்.

உணவு விஷயத்திலும் இதே குழப்பம் நேர்ந்திருக்கும். சேத்துப்பட்டு ஆய்வில் சானட்டோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டார்கள், அதிக எடை ஏறினார்கள். ஆனால் சரியான மருந்து கிடைத்தபோது வீட்டில் குறைவாகச் சாப்பிட்டவர்களின் சளியிலிருந்தும் கிருமி அதேபோல் மறைந்தது. ஆகவே காசநோய்க்கும் உணவுக்கும் தொடர்பில்லையா? அந்த ஆய்வு கேட்டது, நோய் வந்தவர் குணமாக உணவு கட்டாயமா என்று. நோய் வராதவருக்கு அது வராமல் தடுக்குமா என்ற கேள்விக்கு 2023இல்தான் தெளிவான விடை கிடைத்தது.

ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா குழுவினர் நடத்திய ஆய்வு அது. காசநோயாளிகளின் வீட்டில் உடன் வாழும் 10,345 பேர், பெரும்பாலோர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவ் முதலிய பழங்குடியினர். ஒரு தரப்பில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் அரிசி, துவரம்பருப்பு, சத்து மாத்திரை. மறு தரப்பில் நோயாளிக்கு மட்டும் உணவு. இங்கே சீட்டு ஆளுக்கு ஆள் போடப்படவில்லை. பக்கத்து வீட்டுக்கு அரிசி வந்தால் அது அந்த வீட்டோடு நிற்காது, நிற்கவும் கூடாது. அதனால் 28 காசநோய் அலகுகளை மொத்தம் மொத்தமாகப் பிரித்தார்கள். இப்படிச் செய்யும்போது கணக்கில் கவனம் வேண்டும். பத்தாயிரம் பேர் இருந்தாலும் குலுக்கிய சீட்டு 28தான். ஒரே அலகில் உள்ளவர்கள் பல வகைகளில் ஒருவரை ஒருவர் ஒத்திருப்பார்கள். பத்தாயிரம் தனித்தனிச் சீட்டு போட்டதாகக் கணக்கிட்டால் இல்லாத உறுதி இருப்பதாகத் தோன்றும். அதற்கெல்லாம் இடம் விட்டுக் கணக்கிட்ட பிறகும், உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் 39 சதவீதம் குறைந்திருந்தது. இடைவெளி 15 முதல் 57 வரை. கீழ் எல்லைகூடச் சுழியைத் தொடவில்லை.

அதே களத்திலிருந்து இன்னொரு எண்ணும் வந்தது. முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் கூடிய நோயாளிகளுக்கு இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவு. 39ஐவிட 61 பெரியது, செய்தித்தாள் அதைத்தான் தலைப்பாக்கும். ஆனால் 2,800 நோயாளிகளுக்கும் உணவு கொடுக்கப்பட்டது, சீட்டு எதுவும் இல்லை. எடை ஏறியதால் பிழைத்தார்களா, பிழைக்கக்கூடியவர்களாக இருந்ததால் எடை ஏறியதா என்பதை இந்த எண் பிரித்துச் சொல்லாது. நோய் முற்றியவருக்குப் பசி இருக்காது.

காரணத்தைச் சொல்ல முடியாத எண்ணுக்கும் ஒரு வேலை உண்டு. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் கண்டறியப்பட்ட உடனேயே நோயாளியின் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானமின்றி நிற்க முடிகிறதா என்பவற்றைச் சுகாதாரப் பணியாளர் பார்த்துக் குறிக்கிறார். உடல் நிறை குறியீட்டெண் 14 அல்லது அதற்கும் கீழே இருந்தால், அந்த மெலிவு இறப்புக்குக் காரணமா, முற்றிய நோயின் அடையாளமா என்று அவர் விசாரிக்க வேண்டியதில்லை. இரண்டில் எதுவானாலும் அந்த நோயாளி வீட்டுக்குத் திரும்பக் கூடாது, மருத்துவமனையில் படுக்கை வேண்டும்.